ஏழாம் எண் ஆக்சிஜன் மெஷின் விஷயமாக நோட்டம்மா எழுதிக் கொடுத்தது

படிவத்தின் மேல்பகுதியில் என் பெயரையும் வீட்டு எண்ணையும் தெருவையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. கணவர் குடிநீர் மீட்டர் அளவெடுக்கும் வேலையில் இருக்கிறார். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்புவரை படித்தேன், அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் நானாகப் படித்தும் தப்புச் செய்தும் கற்றுக்கொண்டவை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகத்தான் இந்தக் காவல் நிலைய அதிகாரி மேடம் முதலில் சொன்னார்கள். எனக்கு எழுதித்தான் பழக்கம், பேசினால் முன்னே பின்னே போய்விடும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். இதில் உள்ளதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் என் மாமனார் காலமான பிறகு அவருடைய சக்கர நாற்காலி எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் நின்றுகொண்டிருந்தது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துப்போய்ப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரலாம் என்று ஃபோனில் எழுதிப் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் கேட்டார்கள். ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு பதினோரு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே, தன் வீட்டிலும் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது என்று ஒருவர் எழுதினார். அதன் பிறகு அதையே ஒரு குழுவாக ஆக்கினேன். இன்றைக்கு அதில் ஆறாயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு வேண்டிய கட்டில், நாற்காலி, நடைவண்டி, ஆக்சிஜன் மெஷின் முதலானவை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். பணம் கைமாறக் கூடாது என்பது முதல் விதி. எந்தப் பொருள், என்ன எண், யார் வீட்டில், எந்தத் தேதியிலிருந்து என்பதை நான் நோட்டில் எழுதி வைப்பேன். அதனால் குழுவில் எனக்கு நோட்டம்மா என்று பெயர்.

ஆட்கள் பெருகிய பிறகு ஒருத்தியாகச் சமாளிக்க முடியவில்லை. எனவே இரண்டு பேரை மாடரேட்டர்களாக வைத்தேன். குழுவில் வரும் பதிவுகளைப் பார்த்து, வரம்பு மீறியதை நீக்குவதும், பொருள் போவதற்கு ஒப்புதல் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. ஒருவர், இந்த வழக்கில் பிடித்துவைக்கப்பட்ட வேன் அண்ணன். சரக்கு வேன் ஓட்டுகிறார், வேன் அவருடையது அல்ல, முதலாளியுடையது. போகிற வழியில் நம் பொருளையும் ஏற்றி இறக்குவார், ஒரு தடவைகூட எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. மற்றவர் புகார் கொடுத்த கிளார்க் சார். பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு தடவை வீடு வீடாகப் போய்ப் பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வருவார், பஸ்ஸில்தான் போவார். இரண்டு பேரும் தங்கம். இரண்டு தங்கத்தையும் ஒரே டப்பாவில் போட்டதுதான் சிக்கல்.

வேன் அண்ணனுக்கு, கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும். கிளார்க் சாருக்கு, காகிதம் இல்லாமல் ஊன்றுகோல்கூட நகரக் கூடாது. ஒருவர் போட்டதை மற்றவர் எடுப்பார், எடுத்ததை மறுபடி போடுவார். நான் நடுவில் புகுந்து, "அண்ணன் சொல்றதும் நியாயம்தான், சார் சொல்றதும் நியாயம்தான்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே ஒன்றரை வருடத்தை ஓட்டினேன். என் கணவர் ஒரு நாள், "நீ பஞ்சாயத்து பண்ணலம்மா, ஊஞ்சல் ஆடுற" என்றார். அன்று கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

சென்ற திங்கட்கிழமை காலை, ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த சக்கர நாற்காலியில் பிரேக் உடைந்திருந்தது. கிளார்க் சார் அந்த வீட்டாரின் பெயரையும் நாற்காலியின் படத்தையும் போட்டு, இனி இவர்களுக்கு எதுவும் தரக் கூடாது என்று எழுதினார். அரை மணி நேரத்தில் வேன் அண்ணன் அதை நீக்கினார். அந்த வீட்டில் சாவு விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அவர்களை ஆறாயிரம் பேர் முன்னால் நிறுத்துவது பாவம் என்பது அவர் கட்சி. சார் மறுபடி போட்டார். அண்ணன் மறுபடி நீக்கினார். மதியத்துக்குள் நான்கு முறை அது வந்து வந்து போனது. உறுப்பினர் ஒருவர், "என்னங்க இது, லிஃப்ட் மாதிரி ஏறுது இறங்குது, நாங்க எந்த மாடியில இறங்கணும்?" என்று எழுத, அதற்குக் கீழே இருநூறு பேர் சிரித்தார்கள். அதன் பிறகு இருவரும் எல்லோரும் பார்க்கவே ஒருவரையொருவர் பேசிக்கொண்டார்கள். அண்ணன், "சார், இது ஆபீஸ் இல்ல, ஆஸ்பத்திரி மாதிரி" என்றார். சார், "ஆஸ்பத்திரியிலயும் ரிஜிஸ்டர் உண்டு தம்பி, உன் வண்டிக்குத்தான் பிரேக் இல்ல" என்றார். அண்ணனுக்கு அது சுட்டுவிட்டது.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். சின்ன வயதில் அவர்கள் அடித்துக்கொண்டால், யார் மேல் தப்பு என்று விசாரிக்க மாட்டேன், ஆளுக்கு ஒரு மூலையில் வாயைப் பொத்தி உட்காரவைப்பேன். அதே வைத்தியத்தை இவர்களுக்கும் செய்தேன். திங்கள் மாலை ஆறு மணிக்கு இருவருடைய மாடரேட்டர் பொறுப்பையும் இரண்டு நாளைக்கு எடுத்துவிட்டேன். அவர்கள் எழுதுவது நேராகக் குழுவில் வெளியாகாமல் என் பார்வைக்கு வந்து நிற்கும்படி மாற்றினேன். மற்ற உறுப்பினர்கள் எழுதுவது வழக்கம்போல் வெளியாகும். அதன் பிறகு இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "இரண்டு நாளைக்கு எனக்கு யாரும் ஃபோன் செய்ய வேண்டாம், வீட்டுக்கும் வர வேண்டாம். எதுவானாலும் எழுதுங்கள், பிறகு பார்க்கிறேன்." எழுதியதைப் பார்க்கவே போவதில்லை என்று அப்போது நான் நினைக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். ஃபோனின் சத்தத்தை அணைத்து, துணி மடித்து வைக்கும் அலமாரியின் இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். மகள் பேசினால் கணவரின் ஃபோனில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அன்று நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பிரார்த்தனை நாள். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை பிரார்த்தனை அறையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். அந்த இருவருக்கும் நல்ல புத்தி கொடு என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் வேன் அண்ணன் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. பத்து நாற்பது, பத்து நாற்பத்து நான்கு, பத்து ஐம்பது.

புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். வேன் அண்ணனின் மனைவி நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் வெளியே போகும் செருப்புமாக வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அக்கா, உங்க குரூப்புக்கு ஓசியில ஓடி ஓடி உழைச்சதுக்கு இதுதான் கூலியா? திருடன்னு பிடிச்சு உக்கார வச்சிருக்காங்க. வேனையும் நிறுத்திட்டாங்க. மத்தியானத்துக்குள்ள வண்டி வரலைன்னா வேற டிரைவர் பாத்துக்கறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. மூணு தடவ உங்களுக்குத்தானே போன் போட்டாராம், ஏன்க்கா எடுக்கல?"

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தேன். ஃபோன் அணைந்து கிடந்தது. சார்ஜரில் போட்டு அது உயிர் பெறுவதற்கு நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தில் நான் பிரார்த்தனை செய்யவில்லை, செய்யத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை.

குழுவைத் திறந்ததும் என் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பட்டியலில் இரண்டு பதிவுகள் இருந்தன. என்னைத் தவிர வேறு யாராலும் அந்தப் பட்டியலைப் பார்க்க முடியாது.

முதலாவது வேன் அண்ணன் செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு எழுதியது. தச்சர் வீட்டில் இருக்கும் ஏழாம் எண் ஆக்சிஜன் மெஷினை எடுக்கப் போவதாகவும், தச்சரின் மனைவி குணமாகி இருவரும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் சாவி பக்கத்து வீட்டில் இருப்பதாகவும், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணின் தாயாருக்கு அதைக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். டாக்டர் சீட்டின் படம், அந்தப் பெண்ணின் முகவரி, ஃபோன் எண் எல்லாம் இருந்தன. கடைசியில் இப்படி இருந்தது: "ரெண்டு பேர் ஒப்புதல் வேணும்னு விதி இருக்கு. ஒருத்தர் எங்கூட பேச மாட்டார், இன்னொருத்தர் போன் எடுக்க மாட்டேங்கறாங்க. அந்தம்மாவோட மூச்சு நம்ம சண்டை முடியறவரைக்கும் காத்திருக்காது. எடுத்துட்டுப் போறேன். திட்டறதை வந்து வாங்கிக்கறேன்."

இரண்டாவது கிளார்க் சார் அன்றே மதியம் இரண்டு பத்துக்கு எழுதியது. மாதாந்திரப் பார்வைக்குத் தச்சர் வீட்டுக்குப் போனதாகவும், மெஷின் அங்கே இல்லை என்றும், வேன்காரர் எடுத்துப்போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னதாகவும், குழுவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றும் எழுதியிருந்தார். இதே மாதிரி மெஷின்கள் வேறொரு குழுவில் காணாமல்போய் விற்கப்பட்டதைக் குறிப்பிட்டிருந்தார். "தாங்கள் ஃபோன் செய்ய வேண்டாம் என்று உத்தரவிட்டிருப்பதால் எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். அவசரப்பட்டு ஒருவர் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. மாலை ஐந்து மணிவரை தங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்" என்று முடித்திருந்தார். ஐந்து மணிவரை மட்டுமல்ல, ஐந்தே முக்கால்வரை காத்திருந்துவிட்டுத்தான் புகார் கொடுத்தார் என்று புகாரில் உள்ள நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பதிவும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருந்தால் இந்த வழக்கே இல்லை. பார்க்க விடாமல் செய்தவள் நான்.

அதன் பிறகு வேன் அண்ணனின் மனைவியையும் அழைத்துக்கொண்டு பத்து மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்தேன். வேன் அண்ணன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெஷினைக் கொடுத்துவிட்டு, முதலாளியின் சரக்கையும் இரவில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழியில், காலை ஆறரை மணிக்குச் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தியதாகச் சொன்னார்கள். குழுவில் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன் என்று அவர் தன் ஃபோனைக் காட்டியிருக்கிறார். எழுதியவருடைய ஃபோனில் மட்டும் அது வெளியானது போலவே தெரியும், மற்ற யார் ஃபோனிலும் தெரியாது. எனவே அவர் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று இங்கே உள்ளவர்கள் நினைத்ததில் தவறில்லை. சலவைக்கூடத்துப் பெண்ணின் எண்ணுக்கு அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் அங்கே ஃபோன் வைத்திருக்கக் கூடாதாம்.

நான் என் ஃபோனில் இருந்த பட்டியலை அதிகாரி மேடத்திடம் காட்டி, எழுதிய நேரமும் அதிலேயே இருப்பதையும், என் ஒப்புதல் இல்லாததால் அது வெளியாகாமல் நின்றதையும் விளக்கினேன். அவர்கள் தச்சரின் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் செய்து கேட்டதில், அண்ணன் சாவி வாங்கியது பதினொன்றே கால் மணிக்கு என்று தெரிந்தது. அதாவது எழுதிய பிறகுதான் எடுத்திருக்கிறார். அதன் பிறகு கிளார்க் சாரை வரவழைத்தார்கள். அவர் சட்டைப் பையில் இரண்டு பேனாவும் கையில் கோப்புமாக வந்தார். வேன் அண்ணன் எழுதியதை என் ஃபோனில் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை படித்தார். டாக்டர் சீட்டின் படத்தைப் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தார். தேதி சரியாக இருந்தது.

"ஏன்யா, எனக்கு நேரா ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"போட்டேனே சார். நீங்கதான் போன வாரமே என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களே."

சார் தன் ஃபோனை எடுத்துத் தேடினார். பிளாக்கை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேன் அண்ணனே எழுந்து வந்து, "இங்க அமுக்குங்க சார், அந்த மூணு புள்ளிய" என்று காட்டி, தன் எண்ணைத் தானே விடுவித்துக்கொண்டார். அதைப் பார்த்து அதிகாரி மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் கவனித்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சலவைக்கூடத்துப் பெண் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டார். எல்லோரும் கேட்கும்படி மேடம் ஃபோனை மேஜைமேல் வைத்தார்கள். பணம் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "ஒரு டீக்குக் கூட அண்ணன் காசு வாங்கலைங்க மேடம்" என்றார் அந்தப் பெண். அவர் பேசி முடிப்பதற்கு முன்பே பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. புஸ், கொஞ்சம் நிதானித்து மறுபடி புஸ். ஏழாம் எண் மெஷினுக்கு அப்படித்தான், நிதானிக்கும்போது லேசாக ஒரு டக் என்ற ஒலியும் வரும். கிளார்க் சார், "ஏழுதான்" என்றார். அந்தத் தாயார் நேற்றிரவு படுத்துத் தூங்கினாராம், மூன்று வாரமாக உட்கார்ந்தபடியேதான் தூங்கிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டதும் பையிலிருந்த நோட்டை எடுத்து, ஏழாம் எண்ணுக்கு நேரே அந்த வீட்டு முகவரியையும் செவ்வாய்க்கிழமைத் தேதியையும் எழுதினேன்.

அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கிளார்க் சார் எழுதிக் கொடுத்தார். வேனை விட்டுவிட்டார்கள். முதலாளியிடம் பேச மேடமே ஃபோனை வாங்கிக்கொண்டார்கள், "உங்க டிரைவர் மேல எந்தத் தப்பும் இல்ல, ஒரு உயிரைக் காப்பாத்திட்டு வந்திருக்கார்" என்றார்கள். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணனின் மனைவி அப்போதுதான் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார், பார்த்துச் சிரிப்பும் அழுகையுமாக என் தோளில் சாய்ந்தார்.

இருவருக்கும் மாடரேட்டர் பொறுப்பை இங்கே உட்கார்ந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் ஒருவர் செய்ததை மற்றவர் தானாக மாற்றக் கூடாது, பிடிக்கவில்லையென்றால் முதலில் அவரையே ஃபோனில் கூப்பிட்டுக் காரணம் கேட்க வேண்டும், அப்படியும் ஒத்துவராவிட்டால் அன்று மாலைக்குள் நான் ஏதாவது ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும், நடுவில் நின்று தலையாட்டக் கூடாது என்று மூன்று பேரும் பேசி முடிவுசெய்தோம். உயிர் போகிற அவசரத்துக்கு ஒருவர் ஒப்புதலே போதும் என்று சொன்னவர் கிளார்க் சார். காகிதத்தை மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சேர்க்க வேண்டும் என்று சொன்னவர் வேன் அண்ணன். மாற்றி எழுதிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது, இல்லை, அப்படித்தான் சொன்னார்கள். சக்கர நாற்காலி விஷயத்தில் என் தீர்ப்பையும் அப்போதே சொன்னேன். பதிவு நீக்கப்பட்டது நீக்கப்பட்டதுதான், அந்த வீட்டுப் பெயரைப் பொதுவில் போடக் கூடாது. ஆனால் பிரேக் உடைந்ததை நோட்டில் எழுதி, அவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். சார் முகம் சுருங்கியது. அதற்காக நான் தீர்ப்பை மாற்றவில்லை.

இதைப் படித்துப் பார்த்த மேடம், வழக்குத்தான் முடிந்துவிட்டதே, என்மேல்தான் தவறு என்று நானே எழுதியிருக்கும் இடங்களை எடுத்துவிடலாமே என்றார்கள். வழக்குக்குத் தேவையில்லை என்றால் சரி, ஆனால் அது நடந்தது என்று சொல்லி, எடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான் செய்தது, எனக்குச் சத்தம் கேட்காமல் செய்துகொண்டது மட்டுமே.

மேலே எழுதியுள்ள யாவும் என் கைப்பட, கடவுளுக்குப் பயந்து, நடந்த வரிசைப்படி எழுதியவை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எனக்கே வாசித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறேன். சாட்சிகளாக வேன் அண்ணனும் கிளார்க் சாரும் கீழே கையெழுத்திட வேண்டும். "நீங்க பெரியவரு, நீங்க முதல்ல போடுங்க சார்" என்கிறார் இவர். "ராத்திரி பகலா அலைஞ்சவன் நீ, நீ போடு" என்கிறார் அவர். இவர் பேனாவை அந்தப் பக்கம் தள்ள, அவர் இந்தப் பக்கம் தள்ள, பத்து நிமிடமாகத் தாள் மேஜையின் நடுவிலேயே கிடக்கிறது. இதில் மட்டும் நான் தலையிடப் போவதில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)